எஸ்எஸ் 304-இல் எம்6 டேப் உடைந்துகொண்டே இருந்தது ஏன்? ஒரு பட்டறையின் நிகழ்வு ஆய்வு

கோவையில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் பட்டறை. வார்ப்பிரும்பு பம்ப் பாகங்களும் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டுகளும் பல வருடமாக ஓட்டிப் பழகியவர்கள், வேலை சுத்தமாக இருக்கும், அதனால்தான் பெரிய கம்பெனிக்காரர்கள் அவர்களைத் தேடி வருகிறார்கள். அப்படி வந்த ஒரு வாடிக்கையாளருக்கு வட்டமான ஒரு ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எம்எஸ், 12 மில்லிமீட்டர் தடிமன், சுற்றிலும் எட்டு எம்6 மரை (6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கானது), எல்லாமே த்ரூ ஹோல், அதாவது மறுபக்கம் வரை ஊடுருவும் துளை. இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. கன் டேப் போட்டு ஓட்டினார்கள் (டேப் என்பது துளைக்குள் மரை வெட்டும் கருவி, கன் டேப் அதில் ஒரு வகை), டேப் தேயும்வரை வேலை செய்தது.

அப்புறம் டிசைன் மாறியது. மெட்டீரியல் எஸ்எஸ் 304 (ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்), தடிமன் 20 மில்லிமீட்டர், பின்பக்கம் கசிவை அடைக்கும் சீலிங் முகம் என்பதால் மரைகள் எல்லாம் பிளைண்ட் ஹோல், அதாவது அடி மூடிய துளை. டிராயிங்கில் எம்6, முழு மரை 12 ஆழம், டிரில் 16 ஆழம். பார்த்தால் சாதாரண மாற்றம் மாதிரிதான் தெரியும். முதல் லாட்டிலேயே டேப்புகள் உடைய ஆரம்பித்தன. அதுவும் ஒழுங்காக உடையவில்லை. ஒரு ஃபிளாஞ்ச் முழுசாக முடியும், அடுத்ததில் மூன்றாவது துளையில் போகும், அதற்கடுத்து வரிசையாக நாலைந்து நன்றாகப் போகும், பிறகு முதல் துளையிலேயே 'டிக்'. ஓடாத மெஷினை விட இந்த மாதிரி ஓடி ஓடி நிற்பதுதான் மனிதனை வதைக்கும். டேப் விலை சில நூறு ரூபாய், ஆனால் உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை எடுக்க ஃபிளாஞ்சை வெளியே ஸ்பார்க் மெஷினுக்கு (மின்பொறியால் உலோகத்தை எரித்து எடுக்கும் மெஷின்) அனுப்ப வேண்டும், அதற்கான காசும் காத்திருப்பும் தனி, எடுத்த பிறகு மரை கெட்டிருந்தால் எல்லா ஆபரேஷனும் முடிந்த பாகம் ஸ்கிராப்.

முதலாளி செய்தது எல்லோரும் செய்வதுதான், டேப்பை மாற்றினார். விலை கூடிய கன் டேப் வாங்கினார். அதுவும் உடைந்தது. கடைக்காரர் சொல்லி ஸ்பைரல் ஃபுளூட் (பள்ளங்கள் சுருளாக ஓடும் டேப்) வாங்கினார், உடைவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. "டேப்பெல்லாம் டூப்ளிகேட்டா வருதுங்க, எதை நம்பறதுன்னே தெரியல" என்று அவர் சொன்ன கட்டத்தில்தான் நான் உள்ளே போனேன். டூப்ளிகேட் சரக்கு சந்தையில் உண்டுதான். ஆனால் வேறு வேறு கடையில் வேறு வேறு பிராண்ட் வாங்கி எல்லாமே ஒரே இடத்தில் உடைகிறது என்றால் குற்றம் டேப்பில் இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. டேப்புக்கு முன்னால் அந்தத் துளைக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இந்தக் கேஸில் முக்கால்வாசிப் பதில் அங்கேதான் இருந்தது.

உடைந்த துண்டுகள்

அந்த மெஷினை ஓட்டும் தம்பி ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். உடைந்த டேப்புகளைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். இந்த ஒரு பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருந்தால் எவ்வளவோ மிச்சமாகும். துண்டுகளை மேசையில் கொட்டி ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்ததில் அவை தாமாகவே மூன்று கூட்டமாகப் பிரிந்தன.

முதல் கூட்டம் எல்லாம் கன் டேப். ஃபுளூட் என்கிற பள்ளம் முழுக்கச் சிப் (வெட்டுப்பட்ட உலோகத் துகள்) இறுகி அடைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட உருண்டைக் கம்பி மாதிரி இருந்தன. காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. கன் டேப் சிப்பை முன்னால் தள்ளும், அதன் முனையில் இருக்கும் சாய்வான வெட்டு அதற்காகவே. த்ரூ ஹோலில் சிப் கீழே விழுந்து போய்விடும். பிளைண்ட் ஹோலில் எங்கே போகும்? அடியில் சேரும், சேர்ந்து இறுகும், டேப் அதன் மேல் போய் முட்டும். எம்எஸ் ஃபிளாஞ்சுக்கு நன்றாக ஓடியது என்பதற்காக அதே டேப்பைத் தொடர்ந்தது தவறான முடிவு.

இரண்டாவது கூட்டம் ஸ்பைரல் ஃபுளூட். இவற்றில் ஃபுளூட் ஓரளவு காலியாக இருந்தது, ஆனால் முனையில் சரிவாகக் குறுகும் சாம்ஃபர் பற்கள் உடைந்தும் நசுங்கியும் இருந்தன. சிலவற்றில் நடுவில் இருக்கும் கூர்முனை மழுங்கிப் பளபளத்தது. அந்தப் பளபளப்பு முக்கியமான தடயம், முனை எங்கேயோ அடித்தளத்தில் உரசியிருக்கிறது.

மூன்றாவது கூட்டத்தில் பற்களின் பக்கவாட்டில் எஸ்எஸ் ஒட்டிக்கொண்டு வெல்டிங் வைத்த மாதிரி இருந்தது. இதை காலிங் என்பார்கள். எண்ணெய் போதாமல், சூட்டில், உலோகத்தோடு உலோகம் ஒட்டுவது. இப்படி ஒட்டியது போகும்போது உடையாது, பெரும்பாலும் திரும்பும்போது உடையும். தம்பியிடம் கேட்டேன், "போகும்போது உடையுதா, திரும்பும்போதா?" யோசித்துச் சொன்னார்: "ரிவர்ஸ் எடுக்கறப்பத்தான் சார் சத்தம் வரும்."

டேப் அடியில் நின்று திரும்பும் அந்தக் கணத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், பலருக்கு இது கண்ணில் படுவதே இல்லை. நின்ற இடத்தில் ஒவ்வொரு வெட்டும் பல்லின் முன்னாலும் ஒரு சிப் வேர் அறுபடாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். டேப் பின்னால் சுழலும்போது அடுத்த பல்லின் முதுகு அந்தச் சிப் வேரில் போய் இடிக்கும். வார்ப்பிரும்பில் அது பொடியாக உதிர்ந்துவிடும், எம்எஸ்ஸில் பெரும்பாலும் அறுந்துவிடும், 304-இல் அது அறாமல் மடிந்து பல்லின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பாகச் செருகிக்கொள்ளும். வார்ப்பிரும்பில் வளர்ந்த பட்டறைகளுக்கு எஸ்எஸ் வந்ததும் தடுமாற்றம் வருவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே நேர் ஃபுளூட் டேப் போட்டு, எண்ணெயே இல்லாமல்கூட ஓட்டலாம், துகள் தூளாகக் கொட்டும். அந்த வசதி இங்கே இல்லை.

துளையின் ஆழம்

டிராயிங்கில் டிரில் 16 ஆழம் என்று இருந்தால் அது முழு விட்டம் இருக்கும் ஆழம், டிரில்லின் கூம்பு அதற்கும் கீழே. ஆனால் மெஷினின் புரோகிராமில் Z -16, அதாவது கீழே 16, என்று டிரில் முனைக்குக் கொடுத்திருந்தார்கள். 118 டிகிரி முனையுள்ள 5 மில்லிமீட்டர் டிரில்லில் கூம்பின் உயரம் சுமார் 1.5. ஆக முழு விட்டம் 14.5-லேயே முடிந்துவிடுகிறது.

இப்போது டேப் பக்கம் வாருங்கள். முழு மரை 12 வேண்டும். ஸ்பைரல் ஃபுளூட்டில் பொதுவாக வருவது சி ஃபார்ம் சாம்ஃபர், இரண்டு முதல் மூன்று பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு நடுவே உள்ள தூரம்) நீளம். எம்6-இன் பிட்ச் 1 மில்லிமீட்டர், அப்படியென்றால் 12-உம் சுமார் 2.5-உம் சேர்த்து 14.5. அதற்கும் முன்னால், சின்ன அளவு டேப்புகளில் உற்பத்தியின்போது சென்டர் பிடிப்பதற்காக விடப்பட்ட கூர்முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இந்த டேப்பில் அது சுமார் 2 மில்லிமீட்டர். கூட்டிப் பாருங்கள், 16.5 வருகிறது. துளையின் கடைசிப் புள்ளியே 16. டிராயிங் கேட்ட மரை இந்தத் துளைக்குள் வரவே வராது!

பட்டறையில் இதை வேறு விதமாகச் சமாளித்திருந்தார்கள். டேப் முட்டுவது தெரிந்ததும் Z-ஐக் கொஞ்சம் குறைத்து, மெஷினில் பதினொன்றே கால் வரை மரை போட்டுவிட்டு, மீதியைக் கையால் கடைசி டேப் விட்டு முடித்தார்கள். குறைத்த பிறகும் டேப் முனைக்கும் துளையின் அடிக்கும் நடுவே நூலளவு இடம்தான். அந்த இடத்தில் ஒரு சிப் கிடந்தாலே போதும். டிரில் மாற்றி ஆஃப்செட் (கருவியின் நீளக் கணக்கு) எடுக்கும்போது கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் போதும். உடைவது ஒழுங்கில்லாமல் வந்ததற்கு விளக்கம் இதுதான், டிரில் மாற்றிய கையோடு உடைந்த டேப்புகள் அதிகம் என்று தம்பிக்கும் நினைவு வந்தது.

கையால் முடிப்பது பற்றியும் ஒன்று. ஹேண்ட் டேப் செட்டில் மூன்று வரும், ஷாங்கில் (பிடிக்கும் தண்டில்) ஒரு கோடு போட்டது முதலாவது, இரண்டு கோடு இரண்டாவது, கோடே இல்லாதது கடைசி. முதல் இரண்டும் அளவில் சின்னவை, முழு அளவைத் தருவது கடைசி மட்டும்தான். மெஷினில் போட்ட மரைக்குள் அந்தக் கடைசி டேப்பை விடும்போது விரலால் திருகியே பழைய மரையில் உட்கார வைத்துவிட்டுத்தான் ஹேண்டிலைப் போட வேண்டும். கொஞ்சம் தவறினால் அது தனக்கென்று புது வழி வெட்டிக்கொள்ளும், மரை அகன்றுவிடும், நோகோ கேஜ் (மரை பெரிதாகிவிட்டதா என்று காட்டும் அளவுகோல்) உள்ளே இறங்கும். நோகோ இரண்டு சுற்றுக்கு மேல் போகக்கூடாது. இவர்களுடைய ரிஜெக்‌ஷனில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான், உடைந்த டேப்போடு சம்பந்தமே இல்லாதது.

துளையின் சுவர்

ஆழத்தை அளந்தால் கண்டுபிடித்துவிடலாம். சுவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 304-ஐ வெட்டாமல் உரசினால் அது இறுகும், இறுகிய தோலை அடுத்து வரும் கருவி வெட்ட வேண்டும். இவர்கள் சாதாரண எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டிரில் போட்டு, விட்டு விட்டு இறங்கும் ஜி83 சைக்கிளில் ஒரு ஒரு மில்லிமீட்டராகக் கொத்தி, எஸ்எஸ் ஆயிற்றே என்று பயந்து ஃபீடையும் (ஒரு சுற்றுக்குக் கருவி இறங்கும் அளவு) நன்றாகக் குறைத்திருந்தார்கள். எஸ்எஸ்ஸில் பயந்து ஃபீடைக் குறைப்பது தலைகீழான வைத்தியம். மழுங்கிய டிரில் குறைந்த ஃபீடில் சுவரைத் தேய்த்துத் தேய்த்துப் போகிறது, ஒவ்வொரு கொத்துக்கும் மேலே வந்து இறங்கி மறுபடி உரசுகிறது, கடைசியில் டேப் உள்ளே போகும்போது அதன் பற்கள் முதலில் சந்திப்பது கடினமாகிப்போன ஒரு தோல்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 304 பிளேட் சாதாரணமாகக் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் நசுங்கி இறுகிய 304-இல் ஒரு பகுதி காந்தத்தன்மை உள்ளதாக மாறிவிடும். டிரில் சிப்பை எடுத்துக் காந்தத்தைக் காட்டினோம், புது டிரில்லில் வந்த சிப் லேசாக அசைந்தது, தேய்ந்த டிரில்லில் வந்தது ஓடி வந்து ஒட்டியது. இது அளவு சொல்லும் சோதனை இல்லை, ஆனால் முதலாளியும் ஆபரேட்டரும் கண்ணால் பார்த்து நம்புவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

டிரில்லை மாற்றினோம். 5 சதவீதக் கோபால்ட், 135 டிகிரி ஸ்பிளிட் பாயின்ட். சுமார் 750 ஆர்பிஎம், ஒரு சுற்றுக்கு 0.08 மில்லிமீட்டர் ஃபீட், நடுவே ஒரே ஒரு முறை மேலே வந்து சிப்பைக் கொட்டிவிட்டு நேராக அடி வரை. எத்தனை துளைக்கு ஒரு டிரில் என்று கணக்கு வைத்து, மழுங்குவதற்கு முன்பே மாற்றச் சொன்னேன்.

டிரில் சைஸ் விஷயத்தில் பட்டறையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. விட்டத்தில் பிட்சைக் கழி என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு: எம்6-க்கு 5.0, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5. ஃபோர்மேன் "5.2 போட்ருங்க, லூசா போயிரும்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, துளை கொஞ்சம் பெரிதானால் டேப்புக்கு வேலை நன்றாகக் குறையும், மரையின் பலமோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆனால் எம்6-இன் உள் விட்டம் 6எச் டாலரன்ஸில் (அளவில் அனுமதிக்கும் வரம்பு) 4.917 முதல் 5.153 வரைதான். 5.2 அதைத் தாண்டிவிடும். 5.0 போட்டால் மரை உயரம் சுமார் 77 சதவீதம், 5.1 போட்டால் 69. நாங்கள் 5.1-க்குப் போனோம். டிரில் பெரும்பாலும் தன் அளவை விடக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டும் என்பதால் 5.15 பின் கேஜ் (துளை அளவு பார்க்கும் உருண்டைக் கம்பி) ஒன்றை மெஷின் பக்கத்திலேயே வைத்து, அது உள்ளே போகாமல் இருக்கிறதா என்று புது டிரில் போடும்போதெல்லாம் பார்க்கச் சொன்னோம். பின் கேஜ் வைத்துக்கொள்ள மனமில்லாத பட்டறை 5.0-லேயே இருப்பது நல்லது.

ஆழத்துக்கு வாடிக்கையாளரிடம் பேச வேண்டியிருந்தது. எம்6 போல்ட்டுக்கு எஸ்எஸ்ஸில் 12 மில்லிமீட்டர் முழு மரை என்பது விட்டத்தில் இரண்டு மடங்கு, அவ்வளவு தேவையே இல்லை. எஃகில் விட்டத்தின் அளவுக்கு மரை பிடித்தாலே பெரும்பாலும் மரை உரிவதற்கு முன் போல்ட் அறுந்துவிடும். 9 கேட்டோம், அவர்கள் டிசைனர் 10-க்கு ஒப்புக்கொண்டார். டிரில் ஆழம் முழு விட்டம் 16, கூம்பு முனை 17-ஐக் கொஞ்சம் தாண்டும், பின்னால் சுமார் மூன்று மில்லிமீட்டர் சுவர் மிச்சம், அதற்கும் சரி என்றார். இந்த ஒரு ஃபோன் பேச்சு முதல் லாட்டுக்கு முன்பே நடந்திருக்கலாம். ஜாப் ஒர்க் பட்டறைகள் வாடிக்கையாளரிடம் டிராயிங்கைக் கேள்வி கேட்கத் தயங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஆர்டர் போய்விடுமோ என்ற பயம். டிசைனர்களில் பலர் டேப்பின் சாம்ஃபர் நீளத்தை யோசித்துப் பார்த்ததே இல்லை, சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

கடைசியாக டேப்

துளை சரியான பிறகு டேப் தேர்வு எளிதாகிவிட்டது. கோபால்ட் சேர்ந்த எச்எஸ்எஸ்-ஈ, ஸ்பைரல் ஃபுளூட், 40 டிகிரி முறுக்கு, சி ஃபார்ம், 6எச். மேலே ஸ்டீம் ஆக்ஸைடு செய்தது, பார்க்க நீலக் கறுப்பாக இருக்கும், அந்த மேற்பரப்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு எஸ்எஸ் ஒட்டுவதைக் குறைக்கும். தங்க நிறத்தில் இருக்கும் டிஐஎன் (டைட்டானியம் நைட்ரைடு) கோட்டிங்தான் ஒசத்தி என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா மெட்டீரியலுக்கும் அப்படி இல்லை, எஸ்எஸ்ஸுக்கு டிஐசிஎன் (டைட்டானியம் கார்போநைட்ரைடு) அல்லது ஸ்டீம் ஆக்ஸைடு என் விருப்பம். கார்பைடு டேப்பை யாரோ சிபாரிசு செய்திருந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இந்த வயதான மெஷினில் சின்ன ஆட்டம் இருந்தாலும் கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும்.

வேகம் எம்எஸ்ஸுக்கு வைத்திருந்த 600 ஆர்பிஎம்மிலேயே இருந்தது. 300-க்குக் குறைத்தோம், அதாவது நிமிடத்துக்கு ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிட்ச் 1 என்பதால் ஃபீடும் 300, கணக்கு சுலபம். மரை போடும் சைக்கிளான ஜி84-இல் க்யூ போட்டு டேப்பையும் விட்டு விட்டுக் கொத்தவிட்டிருந்தார்கள், அதை எடுத்துவிட்டோம். கையால் மரை போடும்போது அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போவது நேர் ஃபுளூட் ஹேண்ட் டேப்புக்கு நல்ல பழக்கம். ஸ்பைரல் ஃபுளூட் நீளச் சுருளாக இழுத்து மேலே கொண்டுவரும் டேப், அதை நடுவில் நிறுத்தித் திருப்பினால் ஒவ்வொரு முறையும் மேலே நான் சொன்ன சிப் வேர் பிரச்சினையை நாமே உண்டாக்கிக் கொடுக்கிறோம்.

பிடியும் சரியில்லை. சாதாரண ஈஆர் கோலெட்டில் (கருவியைச் சுற்றி இறுக்கும் பிடி) உருண்டை ஷாங்கை மட்டும் இறுக்கியிருந்தார்கள், வழுக்கிய தடம் ஷாங்கில் தெரிந்தது. வழுக்கினால் ஸ்பிண்டில் சுற்றுக்கும் Z அசைவுக்கும் உள்ள கணக்கு போய்விடும். சதுர முனையைப் பிடிக்கும் டேப் கோலெட்டும், அச்சுத் திசையில் மிகக் கொஞ்சம் மட்டும் இளக்கம் கொடுக்கும் சிங்க்ரோ ஹோல்டரும் வாங்கினார்கள். இந்த மொத்தக் கதையில் பெரிய செலவு இது ஒன்றுதான்.

எண்ணெய் விஷயத்தில் முழு வெற்றி என்று சொல்ல முடியாது. கூலன்ட்டை ரிஃப்ராக்டோமீட்டர் (செறிவு பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தால் பாலில் தண்ணீர் கலந்த கதை, தினமும் தண்ணீர் மட்டும் ஊற்றியே வந்திருக்கிறார்கள். 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தோம். அப்படியும் 304-இல் டேப்பிங்குக்குச் சோப்புத் தண்ணீர் போதுமென்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் டிரில் முடிந்ததும் புரோகிராமை நிறுத்தி, ஏர் அடித்துத் துளைகளைச் சுத்தம் செய்து (கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும், எஸ்எஸ் சிப் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை), ஒவ்வொரு துளையிலும் தனி டேப்பிங் ஆயில் விட்டு, கூலன்ட்டை அணைத்துவிட்டு டேப் ஓட்டுகிறார்கள். நேரம் கூடுகிறது, முதலாளிக்கு அதில் வருத்தம்தான்.

இப்போது

அடுத்து ஓடிய லாட் முழுவதும் ஒரு டேப்கூட உடையவில்லை, தேய்ந்த டேப்பைக் கேஜ் பார்த்து மாற்றினார்கள், அவ்வளவுதான். கையால் முடிக்கும் வேலை நின்றுவிட்டது. ஸ்பார்க்குக்கு அனுப்புவதும் நின்றது. பழைய லாட்டில் துண்டு மாட்டிக்கொண்டு ஒதுக்கி வைத்திருந்த ஃபிளாஞ்சுகளைச் சுமார் மூன்றரை மில்லி எலெக்ட்ரோடால் டேப்பின் நடுவை மட்டும் எரித்து, பற்களைத் தனித்தனியாக உதிர்த்து எடுத்தார்கள். எம்6-இல் உடைந்த டேப்பை எக்ஸ்ட்ராக்டர் விட்டுத் திருகி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் எஸ்எஸ்ஸில் முயற்சி செய்யாதீர்கள், இறுகியிருக்கும் சிப் விடாது. அலுமினியமோ பித்தளையோ என்றால் படிகாரத்தைச் சூடான தண்ணீரில் கரைத்து அதில் ஊறவைத்தால் எஃகு மெதுவாகக் கரைந்துவிடும், கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் உடைந்த திருகுக்குச் செய்கிற பழைய முறை அது.

எண்ணெய்க்காக நிறுத்தும் நேரத்தைக் குறைக்க ஃபார்மிங் டேப் போட்டுப் பார்க்கலாமா என்று முதலாளி கேட்டிருக்கிறார். அது வெட்டாது, உலோகத்தை ஒதுக்கித் தள்ளி மரையை உருவாக்கும், சிப்பே வராது என்பதால் பிளைண்ட் ஹோலுக்கு நல்ல பொருத்தம், 304 அதற்கு இணங்கும் மெட்டீரியலும்கூட. ஆனால் டிரில் 5.1 போய் 5.55 ஆகும், அந்த அளவில் கொஞ்சம் பிசகினாலும் மரை நிரம்பாது அல்லது டேப் இறுகும். முறுக்கு விசை அதிகம் வேண்டும், எண்ணெய் இப்போதைவிட இன்னும் நல்லதாக வேண்டும், அதனால் நிறுத்தும் நேரம் அவர் நினைக்கும் அளவுக்குக் குறையாது. இன்னொன்று, இப்படி உருவாகும் மரையின் உச்சியில் ஒரு சின்னப் பிளவு தெரியும், அது குறையில்லை என்றாலும் வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் பார்த்ததும் ரிஜெக்ட் சீட்டு எழுதிவிடுவார். ஆகையால் ஸ்கிராப் ஃபிளாஞ்ச் ஒன்றில் போட்டு, குறுக்கே அறுத்து, அந்த மரையை முதலில் வாடிக்கையாளரிடம் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.